கொன்னையாவரத்துக் கடைசி பஸ்

எங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்துக்குள் போன மங்கையர்க்கரசி அறுபத்தெட்டு நாள் வெளியே வர முடியாமல் கிடந்தாளே, அந்தக் கதையை ஆளுக்கொரு தினுசாகச் சொல்லித் திரிகிறார்கள். பேய் என்கிறான் ஒருத்தன், வாஸ்து என்கிறான் இன்னொருத்தன், அவனுகளை விடுங்கள். நடந்தது என்னவென்றால், வாசல் நிலைக்கு மேலே பெயிண்டில் ஒரு வாக்கியம் எழுதினார்கள், கதவு அதைப் படித்துவிட்டது. நூலகத்துக் கதவு படிக்காமல் வேறு எது படிக்கும்?

மாவட்ட நூலக அலுவலர் துரைப்பாண்டிக்கு மேலிடம் சொன்னதை விட ஒரு பங்கு கூடுதலாகச் செய்தால்தான் சோறு இறங்கும். கிராம நூலகர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடு, வாசகர் கேட்பதை எப்படிக் காதில் வாங்குவது, எப்படித் தேடிக் கொடுப்பது என்று சொல்லிக்கொடு என்று சுற்றறிக்கை வந்ததும், மனுஷன் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ததோடு நிற்காமல், போர்டு எழுதுகிறவரை ஏணியோடு கூட்டிவந்து, வாசலுக்கு உள்பக்கம் மேலே, 'கேள்வியோடு வந்தவர் விடையில்லாமல் வெளியே போகலாகாது' என்று சிவப்பு எழுத்தில் எழுத வைத்தார். ஐப்பசி மாதத்து ஈரத்தில் பெயிண்ட் காயவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில் இருபத்திரண்டு கிராம நூலகர்கள் சாப்பாட்டுப் பையும் குடையுமாக அதற்கடியில் நுழைந்தார்கள், அதில் ஒருத்தி மங்கையர்க்கரசி.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு எங்கள் ஊரில், வேலை பக்கத்துக் கிராமத்து நூலகத்தில், பத்தொன்பது வருஷமாக. பயிற்சி என்றால் மற்றவர்கள் மூக்கால் அழுதுகொண்டு வருவார்கள், இவள் மட்டும் சந்தோஷமாக வந்தாள், ஏனென்றால் அந்தத் திங்கட்கிழமை அவள் இன்னோர் இடத்தில் இருந்திருக்க வேண்டும். மகள் சுபாஷினிக்குத் தை மாதம் இருபதாம் தேதி கல்யாணம். பத்திரிகை அடிக்கிற பிரஸ் செல்லையா மாதிரித் தாளை எடுத்துக் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் சொல்லிவிடுங்கள் அம்மா என்று கெடு வைத்திருந்தார். அந்தத் தாள் நாலாக மடித்து அவள் கைப்பையில் கிடந்தது. அதில் பெண்ணின் தகப்பனார் கதிரேசன் என்ற பெயருக்கு முன்னால் ஓர் அங்குலம் வெற்றிடம் விட்டிருந்தார் செல்லையா. உயிரோடு இருக்கிற தகப்பனுக்குத் 'திரு' போடுவார்கள், இல்லாத தகப்பனுக்குத் 'தெய்வத்திரு' போடுவார்கள். கதிரேசனுக்கு எதைப் போடுவது என்று எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனி மாதத்துக் காலையில், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற அந்த நல்ல மனுஷன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கடைசி பஸ்ஸுல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். போலீஸ் தேடியது, பேப்பரில் படம் போட்டார்கள், சோழி உருட்டிப் பார்த்தார்கள். வரவில்லை. மங்கையர்க்கரசி தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தை விடவில்லை, அவனைப் பற்றி யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதும் இல்லை. ஊரும் அவளிடம் கேட்கவில்லை. இப்போது சம்பந்தி வீட்டார் கேட்டுவிட்டார்கள்: "ஏதாவது ஒண்ணு சொல்லிருங்க, பத்திரிகையில போடணுமில்ல."

பயிற்சி கொடுத்தது மைய நூலகத்தில், வாசகர் கேட்கிற கேள்விக்குப் புத்தகம் பார்த்து விடை தேடிக் கொடுக்கிற குறிப்புதவிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்வானா பேகம். முப்பத்தொரு வயசுப் பெண். வந்திருந்த அத்தனை பேரும் அவளுக்கு மூத்தவர்கள், ஆனாலும் அவள் கூசவில்லை.

"நம்ம தொழில்ல ஒரு பாவம் இருக்கு. வாசகர் வந்து ஒண்ணு கேப்பாரு. நாம நாற்காலிய விட்டு எழுந்திரிக்காமலே, 'இல்ல, வெளிய போயிருக்கு'ன்னு சொல்லுவோம். யாரெல்லாம் சொல்லியிருக்கீங்க?"

இருபத்திரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"இந்த மூணு நாளைக்கு 'இல்லை'ங்கிற வார்த்தையவே மறந்துருங்க. யாருக்கும் 'இல்லை' சொல்லக் கூடாது. தேடணும். இப்ப பாதிப் பேரு வாசகர், பாதிப் பேரு நூலகர். வாசகரா இருக்கிறவங்க ஒரு சீட்டுல கேள்வி எழுதுங்க. சும்மா கற்பனையா எழுதாதீங்க, நெசமா உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணுமோ அதை எழுதுங்க."

மங்கையர்க்கரசிக்கு வாசகர் பங்கு வந்தது. பேனாவைப் பிடித்ததும் வயிற்றிலிருந்து ஒரு கேள்வி ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. ஐயோ வேண்டாம் என்று அதை விழுங்கிவிட்டு, கை போன போக்கில் 'கொன்னையாவரத்திலிருந்து நம் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' என்று எழுதினாள். கொன்னையாவரம் என்று ஓர் ஊர் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவள் கட்டிய ஊர் அது. பயிற்சிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே நூலகராக உட்கார்ந்திருந்தவருக்கு எதிலும் அவசரம். பயிற்சி நோட்டில் எழுத வேண்டியதை, பக்கத்தில் கிடந்த நிஜமான குறிப்புதவிப் பதிவேட்டில், நாள், வாசகர் பெயர், கேள்வி என்று கட்டம் கட்டமாக மையால் எழுதிவிட்டார். பார்த்த நூல் என்ற கட்டமும் விடை என்ற கட்டமும் காலியாக நின்றன.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள், மங்கையர்க்கரசியும் கிளம்பினாள். நூலக வாசலில் ஏழு படி. ஆறு படி இறங்கினாள், ஏழாவது படியில் கால் வைத்தாள், அந்தக் கால் குறிப்புதவிப் பகுதியின் மொசைக் தரையில், கலைக்களஞ்சிய அலமாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஏதோ யோசனையில் திரும்பி வந்துவிட்டோம் போல என்று மறுபடி போனாள், மறுபடி வந்தாள். ஏழாவது தடவை வந்தபோது விளக்கை அணைக்கப் போன ரிஸ்வானா பார்த்துவிட்டு, "என்னக்கா, ஏதாவது மறந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, வெளிய போக வரமாட்டேங்குது" என்றாள் மங்கையர்க்கரசி, தாழ்ப்பாள் இறுகிப்போனதைச் சொல்வது போல.

பின்வாசலில் விட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பியைக் கழற்றி ஸ்டூல் போட்டு இறக்கிப் பார்த்தார்கள். ஆட்டோவை வாசல் மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்து, உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் ஏறி நெருக்கிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டோ தெருவுக்குப் போனது, நடுவில் இருந்த இடம் காலி, அவள் உள்ளே அலமாரிக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துரைப்பாண்டி வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வாசலுக்கு மேலே எழுதியதைப் படித்து, பதிவேட்டைப் புரட்டி, விஷயத்தைப் பிடித்துவிட்டார். "கேள்வி நிலுவையில இருக்கு. விடை எழுதுனா போயிரலாம்" என்றார். பெயிண்டை அழித்துவிடலாமே என்றார்கள். சுண்ணாம்பு பூசிப் பார்த்தார்கள், சிவப்பு உள்ளேயிருந்து ஊறி வந்தது. கேள்வியை அடித்துவிடலாமே என்றார்கள். துரைப்பாண்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?

அன்றிலிருந்து ஊரே கொன்னையாவரத்தைத் தேடியது. பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்று நாளும் தேடினார்கள், மக்கள்தொகைப் புத்தகத்தில் கிராமம் கிராமமாக விரல் வைத்துப் போனார்கள், அஞ்சல் குறியீட்டுப் பட்டியலைப் பார்த்தார்கள், பழைய நில அளவை வரைபடங்களைத் தரையில் விரித்து அதன் மேல் தவழ்ந்தார்கள். ஆனால் நாம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஊரா? பேப்பர் பகுதியில் தினமும் வந்து உட்காருகிற நாங்களும் கிளம்பினோம். "கொன்னையாவரமா? அங்க மாட்டுச்சந்தை கூடுமே" என்றார் ஒருத்தர். "சந்தை இல்லய்யா, செக்கு எண்ணெய்க்குப் பேர் போன ஊரு" என்றார் இன்னொருத்தர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர், தன் கொழுந்தியாளை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று சத்தியம் பண்ணினார். மங்கையர்க்கரசி மேல் எல்லோருக்கும் பரிதாபம். யாருக்கும் 'இல்லை' சொல்ல மனசு வரவில்லை. மூன்றாவது வாரம் போக்குவரத்துக் கழகத்து ஆட்கள், ஒரு பொம்பளை உள்ளே கிடந்து வாடுகிறாளே என்று இரங்கி, 'கொன்னையாவரம், கடைசி வண்டி, இரவு 9.40' என்று முத்திரை குத்திக் கடிதமே கொடுத்தார்கள். விடைக் கட்டத்தில் 9.40 என்று எழுதினார்கள். தெரு முழுக்க ஆள் நின்று பார்க்க, மங்கையர்க்கரசி ஏழு படி இறங்கினாள். அலமாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எழுதிய மை கட்டத்தை விட்டு ஆவியாகிப் போயிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் என்ன, எதுவும் பழகிவிடும் நமக்கு. தெருவுக்கொரு வீடு என்று முறை வைத்துச் சாப்பாடு வந்தது. துரைப்பாண்டி அவளுக்கு 'மாற்றுப் பணி' என்று உத்தரவு போட்டார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண், முகவரியில் 'குறிப்புதவிப் பகுதி, கலைக்களஞ்சியம் அருகில்' என்று எழுதிக்கொண்டு போனாள். இருக்கிற இருப்பில் சும்மா இருப்பானேன் என்று மங்கையர்க்கரசி வருகிறவர்களுக்கெல்லாம் தேடிக் கொடுத்தாள்: தென்னையில் வண்டு விழுந்ததற்கு என்ன மருந்து, உதவித்தொகைக்கு எந்தப் படிவம், பிறந்த குழந்தைக்கு எந்த மாதம் எந்த ஊசி. பத்தொன்பது வருஷத்தில் எழுந்திருக்காத நாற்காலியிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுந்தாள். அடுத்தடுத்துப் பயிற்சிக்கு வந்த கூட்டங்களுக்கு அவளே பாடமானாள். பயிற்சி எண் பதினேழு, 'விடை கிடைக்காத வாசகர்'. வரிசையாக வந்து, "அம்மா, உங்க கேள்வி என்ன?" என்பார்கள். அவள் சொல்வாள். எழுதிக்கொண்டு வரைபடத்தைத் தேடிப் போவார்கள்.

உண்மையைச் சொன்னால் முதல் வாரம் அவளுக்கு 'அப்பாடா' என்றுதான் இருந்தது. வெளியே போனால்தானே செல்லையா கேட்பார், சம்பந்தி கேட்பார். ஆனால் மார்கழி பிறந்து, ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கோலம் தெரிய ஆரம்பித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தை இருபதும் இப்படியே போய்விடுமோ? பெற்ற ஒரே பெண் மணவறையில் உட்கார்ந்திருக்க, தான் இங்கே கலைக்களஞ்சியத்துக்குத் தூசி தட்டிக்கொண்டு நிற்போமோ? நினைத்த மாத்திரத்தில் எழுந்து வாசலுக்கு ஓடுவாள், ஏழு படி இறங்குவாள், வந்து நிற்பாள். மொசைக் தரையில் அவள் வந்து நிற்கிற இடம் தேய்ந்து வழவழத்துவிட்டது.

மார்கழி இருபத்தாறாம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்கு, சுபாஷினி புது மாதிரித் தாளோடு வந்தாள். அப்போதும் ஓர் அங்குலம் வெற்றிடம்.

"அம்மா, செல்லையா மாமா இன்னைக்கு ராத்திரி மெஷின்ல ஏத்தணுமாம். இல்லன்னா கல்யாணத்துக்குள்ள கொடுத்து முடியாதாம்."

"போடச் சொல்லு."

"எதைம்மா போடச் சொல்ல?"

மங்கையர்க்கரசி சேலை முந்தானையை முறுக்கினாள். "நான் எப்படிடி சொல்றது?"

"அப்ப நான் சொல்லவா? எனக்குப் பதினஞ்சு வயசு, அப்பா போனப்ப. நீ அழுவியோன்னு நான் இன்னைக்கு வரைக்கும் அப்பான்னு வாய தெறந்தது இல்ல. நீ இல்லாம நான் தாலி கட்டிக்க மாட்டேன்மா. கல்யாணமே வேண்டாம்னு சொல்லிடுறேன்." அவள் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் இரண்டு அலமாரி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த ரிஸ்வானாவுக்குச் சுரீரென்றது. சீ, நானெல்லாம் ஒரு பயிற்சியாளரா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாசகர் முதலில் கேட்கிற கேள்வி அவருடைய கேள்வியாக இருக்காது, கதவைத் தட்டிப் பார்க்கிற கேள்வி அது, அதற்குப் பின்னால் இருப்பதைப் பக்குவமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான்கு கூட்டத்துக்குப் பாடம் நடத்தியவள் அவள். அறுபத்தெட்டு நாளாக ஊரே ஊரைத் தேடியதே தவிர, இந்த அம்மாளிடம் ஒருத்தரும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. ரிஸ்வானாவும் கேட்கவில்லை; கேட்டால் புண்படுமே என்று மரியாதைக்குப் பயந்து இருந்துவிட்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நூலகர் நாற்காலியில் உட்காராமல், இந்தப் பக்கம் வந்து, வாசகர் பெஞ்சியில் மங்கையர்க்கரசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த பஸ்ஸுல யாரு வரணும்?"

பேப்பர் பகுதியில் நாங்கள் தாளைப் புரட்டுவதை நிறுத்திவிட்டோம்.

"கெளம்புற ஆள எங்க போறீங்கன்னு கேக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல?" என்றாள் மங்கையர்க்கரசி. "போற காரியம் ஆகாது, சகுனத் தடைன்னு. எங்க வீட்டுல அதுல ரொம்பக் கண்டிப்பு. அவரு பையத் தூக்குனாரு. வாய் வரைக்கும் வந்துச்சு, எந்த ஊருக்குன்னு. கேக்கல. போலீஸ்காரங்க மொதல்ல அதத்தாம்மா கேட்டாங்க, எந்த ஊருக்குப் போனாருன்னு. கட்டுன பொண்டாட்டி, தெரியாதுன்னு நின்னேன். ஊர் பேரு மட்டும் தெரிஞ்சிருந்தா நான் நடந்தே போயித் தேடியிருப்பேன். ஒம்பது வருஷமா ராத்திரி கடைசி பஸ் சத்தம் கேட்டப்புறம்தான் கதவச் சாத்துறேன்."

ரிஸ்வானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?"

விழுங்கி வைத்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. "எத்தன வருஷம் காத்திருந்தா போதும்?"

ரிஸ்வானா எழுந்து போய்ச் சட்ட வரிசையிலிருந்து சாட்சியச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்து, பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தாள். நூலகர் பொருள் சொல்லக் கூடாது, எடுத்துக் காட்டத்தான் வேண்டும். அதுவும் அவள் நடத்திய பாடம்தான். மங்கையர்க்கரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்படக்கூடியவர்கள் ஏழு வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தாள்.

"இது செத்துட்டாருன்னு சொல்லலையே."

"சொல்லலக்கா."

"இருக்காருன்னு சொல்றவங்கதான் காட்டணுங்குது." சுற்றிலும் பார்த்தாள், எங்களையெல்லாம் பார்த்தாள். "இந்த ஊர்ல அப்படிச் சொல்றது நான் ஒருத்திதான். எங்கிட்டக் காட்ட ஒண்ணும் இல்ல."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அறுபத்தெட்டு நாளாக அத்தனை பேரும் கருணையோடு எழுத மறுத்த சொல், யாருக்கும் சொல்லக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே தடை போட்ட சொல். ஆனால் எழுந்திருக்காமல் சொன்னால்தானே அது பாவம்? இவள் எல்லா அலமாரியும் ஏறி இறங்கி, எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு அல்லவா சொல்கிறாள். கொன்னையாவரத்துக்கு நேரே, விடைக் கட்டத்தில், தன் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள்: 'தேடிப் பார்த்தாயிற்று. அப்படி ஓர் ஊர் இல்லை. அந்த பஸ் வராது.' எழுதி முடித்துத் தலையை மேஜைமேல் வைத்து, ஒன்பது வருஷத்து அழுகையையும் அழுதாள். ரிஸ்வானா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மை அழியவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஏழாவது படியில் உட்கார்ந்திருந்த சுபாஷினி எழுந்து ஒதுங்கி நின்றாள். மங்கையர்க்கரசியின் கால் தெரு மண்ணில் பட்டது. மண் சுட்டது. பெரிய மகிழ்ச்சி ஒன்றும் அவள் முகத்தில் இல்லை, சும்மா நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் நேரே பிரஸ்ஸுக்குப் போனார்கள். செல்லையா பென்சிலோடு காத்திருந்தார். "தெய்வத்திருன்னு போட்டுருங்க" என்றாள். ஓர் அங்குலத்தில் அந்தச் சொல் சரியாக அடங்கியது. தாலியை என்ன செய்தாள், குங்குமத்தை என்ன செய்தாள் என்பது அவள் பாடு. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம் என்று எங்கள் ஊரும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தது. வாசலுக்கு மேலே இருந்த எழுத்து வெளுத்து, பொங்கலுக்குள் உதிர்ந்தது. துரைப்பாண்டி புதிதாக ஒன்றும் எழுதவில்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலையில், சுபாஷினி பத்திரிகைக் கட்டும் மஞ்சள் குங்குமமும் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெளியூர்ச் சொந்தங்களை அழைக்கக் கிளம்பினாள். கூடப் போகிற அத்தை தெருவில் நின்றாள். வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டுக்காரிகள் நாலு பேர் நின்றார்கள். சுபாஷினி பையைச் சரிசெய்துகொண்டு, வாசற்படியில் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"நில்லுடி" என்றாள் மங்கையர்க்கரசி. "எந்த ஊருக்குப் போறே?"

பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை, "ஐயையோ, என்ன அண்ணி இது, நல்ல காரியத்துக்குக் கெளம்புறப்ப" என்று பதறினாள்.

"இருக்கட்டும்" என்றாள் மங்கையர்க்கரசி. மகளின் பைவாரை அவள் விடவில்லை. "எந்த ஊரு, எந்தத் தெரு, எந்த பஸ்ஸு. எல்லாத்தையும் சொல்லிட்டுப் போ."

சுபாஷினி எடுத்து வைத்த காலைத் திரும்ப உள்ளே வைத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஒவ்வோர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தாள்.